போர் முதலில், பிரகடனம் பிறகு: 13 அமெரிக்கக் காலனிகள் பிரிட்டனை விட்டுப் பிரிந்தது எப்படி?

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு 2026 ஜூலை 4-ஆம் தேதியோடு 250 ஆண்டுகள். இதையொட்டி வரும் செய்திகளைப் படிக்கும்போது ஒரு இடத்தில் இடிக்கும். பிரகடனம் வெளியானது 1776 ஜூலையில். ஆனால் பாஸ்டன் அருகே லெக்சிங்டன் ஊரில் போரின் முதல் துப்பாக்கி வெடித்தது 1775 ஏப்ரல் 19 அன்று. நடுவில் பதினான்கு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. விடுதலையே கேட்காதவர்கள் அத்தனை நாளும் எதற்காகத் தங்கள் மன்னரின் படையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்?

இடிக்கிற இன்னொரு இடம் தேயிலை. வரியை ஏற்றினார்கள், அதனால் பாஸ்டன் மக்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்றுதான் நம்மில் பலர் பள்ளியில் படித்தோம். 1773-இல் தேயிலை வரி ஏறவில்லை. சொல்லப்போனால் தேயிலை விலை குறையவிருந்தது.

இரண்டுக்கும் பதில் வேண்டுமென்றால் 1763-லிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

## முதலில் அடிப்படை: அங்கே யார் ஆண்டார்கள்?

அட்லாண்டிக் கரையோரம் இருந்த 13 காலனிகளிலும் சொந்தச் சட்டமன்றம் இருந்தது. சொத்துள்ள வெள்ளை ஆண்களே பெரும்பாலும் வாக்களித்தார்கள் என்றாலும் அது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். உள்ளூர் வரியை அந்த மன்றமே போட்டது. பல காலனிகளில் மன்னர் அனுப்பிய ஆளுநருக்குச் சம்பளம் ஒதுக்கியதும் அதுதான். லண்டன் நாடாளுமன்றம் கடல் வணிகத்துக்கு விதிகள் வகுத்தது, சுங்கத் தீர்வை விதித்தது, மற்றபடி உள் விவகாரங்களில் அதிகம் தலையிடவில்லை. தலைமுறை தலைமுறையாக இது பழகிப்போன ஏற்பாடு. எங்கேயும் எழுதி வைத்த ஒப்பந்தம் இல்லை. பின்னால் வந்த சண்டை முழுவதும் இதிலிருந்து கிளம்பியதுதான்.

1763-இல் பிரான்ஸுடனான ஏழாண்டுப் போர் முடிந்தது. பிரிட்டன் வென்றது, கனடா கைக்கு வந்தது. கூடவே அரசின் கடன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி 13 கோடிப் பவுண்டைத் தாண்டியிருந்தது. புதிதாகப் பிடித்த நிலத்தைக் காக்க அமெரிக்காவில் ஏறக்குறைய 10,000 வீரர்களை நிறுத்த லண்டன் திட்டமிட்டது. அந்தச் செலவில் ஒரு பங்கைக் காலனிகள் ஏற்கட்டுமே என்பது லண்டனின் வாதம். பிரிட்டனில் இருந்தவர்கள் காலனிக்காரர்களைவிடப் பல மடங்கு வரி கட்டிக்கொண்டிருந்ததால் அங்கே யாருக்கும் இது அநியாயமாகப் படவில்லை. அதே ஆண்டு, அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று மன்னர் ஆணையிட்டார். நிலத்தின் மீது கண் வைத்திருந்தவர்களுக்கு அது முதல் எரிச்சல்.

## சண்டை எதைப் பற்றியது?

1765 மார்ச்சில் நாடாளுமன்றம் முத்திரைத்தாள் சட்டத்தை நிறைவேற்றியது. பத்திரங்கள், உரிமங்கள், செய்தித்தாள்கள் என்று எதுவானாலும் முத்திரை குத்திய தாளில்தான் இருக்க வேண்டும். சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், இரண்டு பகடைக்காய்களுக்குப் பத்து ஷில்லிங், பட்டப்படிப்புச் சான்றிதழுக்கு இரண்டு பவுண்டு. வழக்கறிஞர், அச்சகக்காரர், வணிகர், சாராயக் கடைக்காரர் என்று ஊரில் யார் சத்தமாகப் பேசக்கூடியவர்களோ அவர்கள் எல்லோர் மீதும் ஒரே நேரத்தில் கை வைத்த சட்டம் இது. விளைவு சொல்லவே வேண்டாம்.

எதிர்ப்பாளர்கள் சொன்னதைப் பிரித்துப் பார்த்தால் நான்கு விஷயங்கள் தெரியும். கடைசி வரை இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

1. எங்கள் பணத்தை எடுக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு மட்டுமே உரிமை. வணிகத்தை ஒழுங்குபடுத்தத் தீர்வை போட்டால் பொறுத்துக்கொள்வோம். கஜானாவை நிரப்புவதற்கென்றே வரி போடுவது வேறு விஷயம்.

2. நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. லண்டன் இதற்குச் சொன்ன பதில்: மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட உறுப்பினர் கிடையாது, ஆனாலும் நாடாளுமன்றம் பேரரசின் எல்லாக் குடிமக்களுக்காகவும் முடிவெடுக்கிறது. காலனிகளில் இது எடுபடவில்லை. மான்செஸ்டர் மீது வரி போட்டால் போட்டவர்களும் அதைக் கட்டியாக வேண்டும். பாஸ்டன் மீது போட்டால் அவர்கள் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்னிகூடப் போகாது.

3. கடத்தல் வழக்குகள் ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றங்களுக்குப் போயின. உள்ளூர் ஜூரி உள்ளூர்க்காரரைத் தண்டிக்காது என்று அரசுக்குத் தெரியும். ஆனால் ஜூரி விசாரணை ஆங்கிலேயரின் பிறப்புரிமை என்று வளர்ந்தவர்களிடமிருந்து அதைப் பிடுங்கினால் அவர்கள் சும்மா இருப்பார்களா?

4. ஆளுநருக்கும் நீதிபதிக்கும் யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? இது 1767-க்குப் பிறகு பெரிதாக வெடித்த கேள்வி. என்னைக் கேட்டால் நான்கிலும் கூர்மையானது இதுதான்.

1765 ஆகஸ்டில் பாஸ்டனில் முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்டவரின் உருவ பொம்மையை மரத்தில் தொங்கவிட்டார்கள். சில நாளில் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீடு சூறையாடப்பட்டது. அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். பிரிட்டிஷ் சரக்கை வாங்க மாட்டோம் என்று வணிகர்கள் முடிவெடுத்தது லண்டன் வணிகர்களையே கலங்கடித்தது. 1766 மார்ச்சில் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதோடு இன்னொரு சட்டமும் வந்தது: காலனிகளை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. வெற்றிக் கொண்டாட்டத்தில் பலர் அதைக் கவனிக்கவில்லை.

அந்த அதிகாரத்தை 1767-இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் பயன்படுத்தினார். கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது இறக்குமதித் தீர்வை விதித்து, வரும் பணத்திலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் தருவது அவர் திட்டம். சட்டமன்றம் ஆளுநரைக் கட்டுப்படுத்தக் கையில் வைத்திருந்த ஒரே பிடியும் இப்படி நழுவிவிடும். மீண்டும் புறக்கணிப்பு, மீண்டும் கலவரம். 1768 அக்டோபரில் படைகள் பாஸ்டனில் இறங்கின. 1770 மார்ச் 5 இரவு, பனிக்கட்டியும் வசவும் எறிந்த கூட்டத்தின் மீது வீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ்தான் அந்த வீரர்களுக்காக வாதாடினார். பெரும்பாலானவர்கள் விடுதலையானார்கள். அப்போதும் இரு தரப்பும் நீதிமன்றத்தை நம்பின என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான்கே ஆண்டில் நிலைமை தலைகீழாகப் போகிறது.

அந்த ஆண்டே மற்ற தீர்வைகள் நீக்கப்பட்டன. தேயிலைக்கு மட்டும் ராத்தலுக்கு (சுமார் 450 கிராம்) மூன்று பென்ஸ் அப்படியே விட்டுவைக்கப்பட்டது. வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்டத்தான் அது.

## விலை குறைந்த தேயிலையை ஏன் கொட்டினார்கள்?

இங்கே கதை நம் பக்கம் கொஞ்சம் திரும்புகிறது. 1769-இல் ஹைதர் அலி குதிரைப்படையோடு மெட்ராஸின் வாசல் வரை வந்து கிழக்கிந்தியக் கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணிய வைத்தார். அந்தப் போர்ச் செய்தி லண்டனுக்குப் போனதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. 1770-இல் வங்காளத்தில் கொடும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள், கம்பெனியின் வருவாய்க் கணக்கும் ஆட்டம் கண்டது. 1772-இல் லண்டனில் கடன் நெருக்கடி. கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்து அரசிடம் கை நீட்டியது. அதன் கிடங்குகளில் சுமார் 1 கோடியே 70 லட்சம் ராத்தல் தேயிலை விற்காமல் கிடந்தது. எல்லாம் சீனத் தேயிலை, இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது. விற்காமல் போனதற்கு ஒரு காரணம், அமெரிக்காவில் பெரும்பாலானவர்கள் டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வந்த தேயிலையைக் குடித்துக்கொண்டிருந்ததுதான்.

1773-இன் தேயிலைச் சட்டம் கம்பெனியைக் கரையேற்ற வந்தது. இங்கிலாந்தில் கட்டிய தீர்வை திரும்பக் கிடைக்கும், இடைத்தரகர் இல்லாமல் நேராக அமெரிக்காவுக்கு அனுப்பலாம், தேர்ந்தெடுத்த சில முகவர்கள் மூலம் மட்டும் விற்கலாம். இதனால் விலை கடத்தல் தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு இறங்கும். மூன்று பென்ஸ் தீர்வை மட்டும் தொடரும்.

எதிர்ப்பாளர்கள் இதில் மூன்று ஆபத்துகளைப் பார்த்தார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று மக்கள் வாங்கிக் குடித்துவிட்டால் வரி போடும் உரிமையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். உள்ளூர் வணிகர்களை ஓரங்கட்டி ஒரு கம்பெனிக்கு ஏகபோகம் கொடுத்ததாகிவிடும், இன்று தேயிலை, நாளை எதுவோ. மூன்றாவது, அந்தப் பணத்திலிருந்து சம்பளம் வாங்கும் ஆளுநர். பாஸ்டனில் இந்த மூன்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்திருந்தன: ஆளுநராகிவிட்ட ஹட்சின்சனின் இரண்டு மகன்கள் தேயிலை முகவர்கள்.

நியூயார்க்கும் பிலடெல்பியாவும் தேயிலைக் கப்பல்களைத் திருப்பி அனுப்பின. சார்ல்ஸ்டனில் தேயிலையை இறக்கிக் கிடங்கில் பூட்டி வைத்தார்கள். பாஸ்டனில் ஹட்சின்சன் கப்பல்களைத் திரும்பிப் போக விடவில்லை. சுங்க விதிப்படி வந்து சேர்ந்த இருபது நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்வார்கள். முதல் கப்பலான டார்ட்மவுத்துக்கு அந்தக் கெடு முடிவதற்கு முந்தின இரவு, 1773 டிசம்பர் 16 அன்று, மோஹாக் பழங்குடிகளைப் போல வேடமிட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறிச் சுமார் 340 பெட்டிகளைப் பிளந்து 92,000 ராத்தல் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்.

## ஆட்சி கைமாறியது 1774-இல்

தேயிலை கொட்டியதைக் காலனிகளிலேயே பலர் ரசிக்கவில்லை, அடுத்தவன் சொத்தை நாசம் செய்வதா என்று பெஞ்சமின் பிராங்க்ளின்கூட முகம் சுளித்தார். பணத்தைக் கட்டச் சொல்லி லண்டன் அதோடு நிறுத்தியிருந்தால் பாஸ்டன் தனித்து நின்றிருக்கும். நாடாளுமன்றம் அதற்கு நேர் எதிராகப் போனது. 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்துக்குப் பூட்டு. தேயிலைக்கு நஷ்டஈடு கட்டும்வரை திறக்க முடியாது. இதைவிடப் பெரிய அடி, பாஸ்டன் அடங்கிய காலனியான மாசசூசெட்ஸுக்கு வந்த ஆட்சிச் சட்டம். மேலவையை இனி மன்னரே நியமிப்பார். நீதிபதிகளை ஆளுநர் வைப்பார், நீக்குவார். ஜூரிகளை ஆளுநர் நியமிக்கும் ஷெரீப் தேர்ந்தெடுப்பார். ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான், அதற்கு மேல் கூட வேண்டுமானால் ஆளுநர் அனுமதி வேண்டும். ஆளுநராக வந்தவர் படைத்தளபதி தாமஸ் கேஜ்.

துறைமுகம் மூடினால் பாதிப்பு பாஸ்டனுக்கு. ஊர்க்கூட்டத்தை நிறுத்தினால் சாலை போடுவதிலிருந்து ஏழைகளுக்கு உதவுவது வரை எல்லாவற்றையும் கூடிப் பேசி முடிவெடுத்த ஒவ்வொரு கிராமத்துக்கும் பாதிப்பு. அதுவரை அரசியலில் அதிகம் மூக்கை நுழைக்காத விவசாயிகள் எழுந்தது இதற்குத்தான். கடன் வாங்கிய விவசாயியின் நிலம் போகுமா நிற்குமா என்று தீர்மானிப்பது மாவட்ட நீதிமன்றம், அதன் நீதிபதியும் ஜூரியும் இனி ஆளுநரின் ஆட்கள் என்றால் அவருக்குப் போக்கிடம் ஏது?

1774 செப்டம்பர் 6, மாசசூசெட்ஸில் வூஸ்டர் என்னும் ஊர். நீதிமன்றம் கூட வேண்டிய நாள். 37 ஊர்களிலிருந்து வந்த குடிப்படையினரை, அதாவது ஊர் மக்களே ஆயுதம் ஏந்திச் சேர்ந்த படையினரை, அன்றே எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள்: 4,622 பேர். நீதிமன்றக் கட்டடத்தை மறித்துவிட்டதால் நீதிபதிகள் பக்கத்தில் ஒரு விடுதியில் ஒதுங்கியிருந்தார்கள். குடிப்படையினர் ஊர்வாரியாகப் பிரிந்து முதன்மைத் தெருவின் இரு பக்கமும் வரிசை கட்டி நின்றார்கள். புதிய சட்டத்தின் கீழ் பதவி வகிக்க மாட்டோம் என்று எழுதிய தாளோடு நீதிபதிகளும் நீதிமன்ற அதிகாரிகளும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். கடைசியில் நிற்பவர் வரை காதில் விழ வேண்டும் என்பதால் முப்பது தடவைக்கு மேல் நின்று நின்று வாசிக்க வேண்டியிருந்தது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஆனால் அன்றோடு அந்த மாவட்டத்தில் பிரிட்டிஷ் ஆட்சி முடிந்தது. பாஸ்டனுக்கு வெளியே மாசசூசெட்ஸின் மற்ற பகுதிகளிலும் அந்தக் கோடை, இலையுதிர்காலத்தில் இதேதான் நடந்தது.

தேயிலை கொட்டியது படம் வரைய வசதியான காட்சி, அதனால் எல்லோருக்கும் தெரிகிறது. வூஸ்டரை அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் போராட்டம் ஆட்சி மாற்றமாக உருமாறிய இடம் இதுதான். அக்டோபர் 4 அன்று வூஸ்டர் மக்கள் தங்கள் பிரதிநிதிக்கு எழுத்தில் கொடுத்த கட்டளையில், பழைய ஆட்சியமைப்பு கலைந்துவிட்டதாகவே கருதிப் புதிய அரசை உண்டாக்கு என்றார்கள். பிரகடனத்துக்கு 21 மாதம் முன்பு!

இந்த நிலையில் மாசசூசெட்ஸில் தனிச் சட்டப்பேரவை ஒன்று கூடியது. வசூலித்த வரியை மன்னரின் கருவூலத்துக்குக் கட்டாதே, நாங்கள் நியமித்த கருவூல அதிகாரியிடம் கட்டு என்று உத்தரவிட்டது. குடிப்படையில் நாலில் ஒரு பங்கை அழைத்த நிமிடமே கிளம்பத் தயாராக வைத்தது. வரி, நீதிமன்றம், படை மூன்றும் கைமாறிய பிறகு அரசு என்று மிச்சம் என்ன இருக்கிறது?

மற்ற காலனிகளும் இதே திசையில்தான் நகர்ந்தன, கொஞ்சம் மெதுவாக. 1774 செப்டம்பர் 5 அன்று பிலடெல்பியாவில் ஜார்ஜியா நீங்கலாகப் பன்னிரண்டு காலனிகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். இதுதான் முதல் கண்டப் பேராயம். டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் சரக்கு எதையும் இறக்குமதி செய்வதில்லை என்று அது முடிவெடுத்தது. முடிவைவிட முக்கியம், அதை நடைமுறைப்படுத்திய விதம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊரிலும் வாக்காளர்கள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் சரக்கு வாங்குகிறார், விலையை ஏற்றுகிறார் என்று குழு கண்காணிக்கும். மீறியவர் பெயரைப் பத்திரிகையில் போடும், ஊரே அவரோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தும். ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்களுக்கு அதிகாரத்தைக் கையாளப் பழக்கிய ஏற்பாடு இது. இதில் அத்துமீறலும் நடந்தது, மறுப்பதற்கில்லை. அரசுக்கு விசுவாசமானவர்கள் மிரட்டப்பட்டார்கள், சிலர் மீது தாரைப் பூசி இறகுகளை ஒட்டினார்கள்.

## போர் வந்தது, விடுதலை வரவில்லை

பாஸ்டனுக்கு வெளியே அதிகாரம் இல்லாத ஆளுநர் கேஜிடம் மிஞ்சியிருந்தது படை மட்டும். 1775 ஏப்ரல் 18 இரவு, கான்கார்டில் பதுக்கி வைத்த ஆயுதங்களைக் கைப்பற்ற ஏறக்குறைய 700 வீரர்களை அனுப்பினார். விடியற்காலையில் லெக்சிங்டனில் எட்டுக் குடிப்படையினர் செத்தார்கள். திரும்பும் வழி முழுக்கக் கற்சுவர்களுக்கும் மரங்களுக்கும் பின்னாலிருந்து குண்டுகள் வந்தன. பாஸ்டன் போய்ச் சேர்வதற்குள் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர் இறந்து, 170-க்கு மேற்பட்டவர்கள் காயமடைந்திருந்தார்கள். ஜூன் 17-இல் பங்கர் ஹில் சண்டை, வென்ற பிரிட்டிஷ் படையில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஆயிரத்துக்கு மேல்.

இனித்தான் முதல் முடிச்சு. இவ்வளவுக்குப் பிறகும் பேராயம் விடுதலை கேட்கவில்லை. ஜூலையில் மன்னருக்கு ஒரு சமாதான விண்ணப்பம் அனுப்பியது. பிரியும் நோக்கத்தில் ஆயுதம் எடுக்கவில்லை என்று தனி அறிக்கையும் வெளியிட்டது. எதிரில் நின்ற படையை அவர்கள் மன்னரின் படை என்றுகூடச் சொல்லவில்லை, அமைச்சர்களின் படை என்றார்கள். கெட்ட அமைச்சர்களும் அத்துமீறிய நாடாளுமன்றமும்தான் எதிரி, மன்னர் ஜார்ஜ் உண்மை தெரிந்தால் நியாயம் செய்வார் என்று மனதார நம்பினார்கள். 1763-க்கு முந்தைய ஏற்பாட்டை மீட்பதற்கான போர் அது.

அந்த நம்பிக்கை ஒரு வருடத்துக்குள் உடைந்தது. எப்படி?

1. விண்ணப்பத்தை மன்னர் வாங்கவே மறுத்தார். 1775 ஆகஸ்ட் 23 அன்று காலனிகள் கலகத்தில் இருப்பதாக அறிவித்தார்.

2. நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் மன்னரின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். தென்பகுதிப் பண்ணையார்களில் தயங்கிக்கொண்டிருந்தவர்களையும் இது எதிரணிக்குத் தள்ளியது. தங்கள் விடுதலையைப் பற்றிப் பேசியவர்களுக்கு அடிமைகளின் விடுதலை அச்சமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது.

3. டிசம்பரில் நாடாளுமன்றம் காலனிகளின் வணிகம் முழுவதையும் தடை செய்து, அவர்களின் கப்பல்களை எதிரிக் கப்பல்களாகப் பிடிக்க அனுமதித்தது. ஜெர்மன் சிற்றரசுகளிடமிருந்து கூலிப்படையும் அமர்த்தப்பட்டது.

4. 1776 ஜனவரியில் தாமஸ் பெய்னின் சிறு பிரசுரம் வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்து சுமார் ஓராண்டே ஆகியிருந்த அவர் எளிய மொழியில் நேராக மன்னராட்சியையே தாக்கினார். ஒரு தீவு ஒரு கண்டத்தை நிரந்தரமாக ஆள்வது எப்படிச் சரி என்று கேட்டார். மன்னர் நல்லவர் என்ற கடைசிக் கயிறும் அறுந்தது.

5. வெளிநாட்டு உதவி தேவைப்பட்டது. பிரிட்டனின் உள்வீட்டுச் சண்டையில் பிரான்ஸ் வெளிப்படையாகத் தலையிட முடியாது. தனி நாடு என்றால் ஒப்பந்தம் போடலாம்.

இதற்கிடையே அடித்தளத்தில் ஊர்களும் மாவட்டங்களும் காலனிச் சட்டமன்றங்களும் பிரிவதற்கான தீர்மானங்களை நிறைவேற்றத் தொடங்கின. ஜூன் 7-இல் வர்ஜீனியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ பேராயத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். ஜூலை 1 ஒத்திகை வாக்கெடுப்பில் ஒன்பது காலனிகளே ஆதரவு. மறுநாள் தென் கரோலினா மாறியது. டெலவேரின் சீசர் ராட்னி இரவெல்லாம் பயணம் செய்து வந்து அந்தக் காலனியின் இழுபறியைத் தீர்த்தார். பென்சில்வேனியாவில் எதிர்ப்பாளர்கள் இருவர் வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜூலை 2, பன்னிரண்டு காலனிகள் ஆதரவு, நியூயார்க் வாக்களிக்கவில்லை. விடுதலை உண்மையில் தீர்மானமானது அன்றுதான். அதற்கான காரணங்களை உலகுக்குச் சொல்லும் வாசகம் ஏற்கப்பட்டது ஜூலை 4-இல்.

## பிறகு நடந்தது

தாமஸ் ஜெபர்சன் எழுதிய பிரகடன வரைவில் அடிமை வணிகத்துக்காக மன்னரைக் கண்டித்த பகுதி இருந்தது, பேராயம் அதை வெட்டியது. அப்போது மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் அடிமை. பழங்குடிகளைக் காட்டுமிராண்டிகள் என்று சொன்ன வரி மட்டும் வெட்டப்படாமல் தங்கியது. 1783 பாரிஸ் உடன்படிக்கையில் மிசிசிப்பி ஆறு வரையிலான நிலம் புதிய நாட்டுக்குப் போனபோது அங்கே வாழ்ந்த பழங்குடிகளை யாரும் கேட்கவில்லை. மன்னருக்கு விசுவாசமாக இருந்த ஏறத்தாழ 60,000 பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள்.

1777-இல் சரடோகாவில் ஒரு முழு பிரிட்டிஷ் படை சரணடைந்ததும் 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் போரில் சேர ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்தின் அதிர்வு சோழமண்டலக் கரை வரை வந்தது. பிரெஞ்சு வசமிருந்த பாண்டிச்சேரியை அதே ஆண்டும், மாஹேயை 1779-இலும் பிரிட்டிஷார் பிடித்தார்கள். மாஹே தன் பாதுகாப்பில் உள்ள துறைமுகம் என்று சொல்லிவந்த ஹைதர் அலி 1780-இல் ஆற்காடு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் (இன்றைய தமிழகத்தின் பெரும்பகுதி) புகுந்து, செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படையை நொறுக்கினார். டச்சுக்காரர்களும் போரில் இழுக்கப்பட்டதால் 1782-இல் திருகோணமலை இரண்டு முறை கைமாறியது. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் மோதிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிப் பல மாதம் கடந்திருந்தது. செய்தி ஜூன் கடைசியில் வந்த பிறகே சண்டை நின்றது. அமெரிக்க விடுதலைப் போரையொட்டி உலகெங்கும் நடந்த சண்டைகளில் கடைசிப் பெரிய சண்டை அது.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் 7,000-க்கு மேற்பட்ட வீரர்களோடு தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் 1786-இல் வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1792-இல் திப்பு சுல்தானைத் தோற்கடித்து அவர் போட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் சேலம், கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்குப் போயின.